கேஷ் கோப்புகளை எப்போது அழிப்பது, எப்போது விட்டுவைப்பது?

இணைய உலாவியின் கேஷ் கோப்புகள், அதாவது தளங்களை மீண்டும் விரைவில் திறப்பதற்காக உலாவி சேமித்துவைக்கும் பிரதிகள், குறித்து இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஹட்டனில் கணினி திருத்துபவர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (உயர்தர மாணவி, மஸ்கெலியா): ஐயா, போனில் இடம் நிரம்பிவிட்டதாக அடிக்கடி அறிவித்தல் வருவதால், தினமும் இரவில் குரோம் உலாவியின் கேஷை அழித்துவிடுகிறேன். ஆனால் டேட்டா முன்னரைவிட விரைவில் தீர்ந்துவிடுகிறது. ஏன்?

பதில்: தினமும் அழிப்பதே காரணம், தங்கச்சி. ஒரு தளத்தை முதன்முறை திறக்கும்போது அதன் படங்கள், எழுத்துருக்கள், பக்க வடிவமைப்புக் கோப்புகள், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றை உலாவி இறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இவற்றை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதைத் தளத்தின் சேவையகமே, அதாவது தளத்தின் கோப்புகளை அனுப்பும் கணினியே, சொல்லி அனுப்பும். மாறாத கோப்புகளுக்கு 31536000 விநாடிகள், அதாவது ஓராண்டு, என்று குறிப்பது வழக்கம். அந்தக் கெடு முடிந்தாலும் உலாவி உடனே முழுக் கோப்பையும் இறக்காது. "இது மாறியிருக்கிறதா?" என்று கேட்கும், மாறவில்லையென்றால் சேவையகம் 304 என்ற சிறு பதிலை மட்டும் அனுப்பும். அந்தக் கோப்புகளை நீங்கள் ஒவ்வோர் இரவும் அழிப்பதால், மறுநாள் காலையில் எல்லாவற்றுக்கும் மீண்டும் டேட்டா செலவாகிறது. மலைச்சரிவு கோபுரத்தை மறைத்து, சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இது டேட்டாவை மட்டுமல்ல, நேரத்தையும் தின்னும்.

இடம் குறையும்போது நெடுநாள் தொடப்படாத கோப்புகளை உலாவி தானாகவே நீக்கிக்கொள்ளும். உங்கள் போனின் சேமிப்புப் பகுதியைத் திறந்து, எந்தச் செயலி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த வீடியோக்கள்தான் முதலிடத்தில் இருக்கும்.

கேள்வி (ஆசிரியை, தலவாக்கலை): பாடசாலையின் இணையப் பக்கத்தில் தவணைப் பரீட்சை நேரசூசியை மாற்றியிருக்கிறோம். பெற்றோர் சிலருக்குப் புதியது தெரிகிறது, சிலருக்குப் பழையதுதான் தெரிகிறது. அனைவரையும் கேஷை அழிக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், டீச்சர். பெற்றோரின் போன்களில் செய்ய வேண்டிய வேலை அல்ல இது. உங்கள் பக்கத்தில் ஒரே இடத்தில் செய்துவிடலாம். கோப்பை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று சேவையகம் எதுவுமே சொல்லாதபோது, உலாவி தானே ஓர் ஊகத்தைச் செய்கிறது. கோப்பு கடைசியாக மாற்றப்பட்டு எத்தனை நாள் ஆகிறதோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. 100 நாட்களாக மாறாதிருந்த நேரசூசிப் படத்தை ஒருவர் பார்த்திருந்தால், அடுத்த 10 நாட்களுக்கு அவருடைய உலாவி சேவையகத்தைக் கேட்காமலே பழைய படத்தைக் காட்டக்கூடும். அதற்கு முன் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவருக்கு நேராகப் புதியது வரும். சிலருக்கு மட்டும் பழையது தெரிவதன் காரணம் இதுதான்.

புதிய நேரசூசியைப் பழைய பெயரிலேயே ஏற்றாமல், "நேரசூசி-2" என்பதுபோல் வேறொரு பெயரில் ஏற்றி, பக்கத்தில் உள்ள இணைப்பையும் மாற்றிவிடுங்கள். முகவரி புதிதானால் கேஷில் உள்ள பழைய பிரதி குறுக்கே வராது. பக்கமே பழையதாகத் தெரிந்தால், கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள்; போனில், பழைய கேஷைப் பயன்படுத்தாத இன்கொக்னிட்டோ தாவலில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தளத்தை அமைத்துத் தந்தவரிடம், அந்தப் பக்கத்துக்கு "நோ-கேஷ்" கட்டளையைச் சேர்க்குமாறும் கேட்கலாம். அக்கட்டளை பிரதி வைத்திருப்பதைத் தடுக்காது. ஒவ்வொரு முறையும் சேவையகத்திடம் கேட்ட பின்னரே அதைக் காட்டச் சொல்லும்.

கேள்வி (கொமியூனிகேஷன் நடத்துபவர், பண்டாரவளை): கடைக் கணினியில் பலரும் வந்து மின்னஞ்சல் பார்க்கிறார்கள், விண்ணப்பம் நிரப்புகிறார்கள். ஒவ்வொருவரும் எழுந்து போனதும் கேஷை அழித்தால் போதுமா, அண்ணன்?

பதில்: போதாது. ஒருவரை உள்நுழைந்த நிலையில் வைத்திருப்பது கேஷ் அல்ல, குக்கீ; அது அவரை அடையாளம் காணத் தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. கேஷை மட்டும் அழித்துவிட்டு அடுத்தவரை உட்காரவைத்தால், முன்னவரின் மின்னஞ்சல் திறந்தபடியே கிடக்கலாம். ஒவ்வொருவருக்கும் குரோமில் விருந்தினருக்கென்று உள்ள கெஸ்ட் சாளரத்தைத் திறந்துகொடுத்து, வேலை முடிந்ததும் அதை மூடிவிடுவதே என் தெரிவு. மூடியவுடன் வரலாறும் குக்கீயும் போய்விடும்.

உண்மையான ஆபத்து டவுன்லோட்ஸ் கோப்புறையில்தான் இருக்கிறது. அச்செடுப்பதற்காக இறக்கிய தேசிய அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கூற்று எல்லாம் அங்கேயே தங்கிவிடும். கேஷை அழித்தாலும் போகாது, கெஸ்ட் சாளரத்தை மூடினாலும் போகாது. வாடிக்கையாளர் எழுவதற்கு முன் அவர் கண்முன்னேயே அவற்றை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

கேள்வி (ஹோட்டல் ஊழியர், நுவரெலியா): கேஷை அழித்த பிறகு எல்லாத் தளங்களும் மீண்டும் பாஸ்வேர்ட் கேட்கின்றன. என்ன தவறு?

பதில்: குக்கீகளையும் சேர்த்துத் தெரிவுசெய்துவிட்டீர்கள். கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் அழுத்தினால் வரும் பெட்டியில் "கேஷ்ட் இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்" என்ற வரிக்கு மட்டும் சரி அடையாளம் இட்டு, மற்றவற்றை நீக்கிவிடுங்கள். அன்ட்ரொய்ட் போனின் செட்டிங்ஸ் வழியாகச் சென்றால் "கிளியர் கேஷ்" என்பதற்குப் பக்கத்திலேயே "கிளியர் ஸ்டோரேஜ்" அல்லது "கிளியர் டேட்டா" என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் உலாவி இன்றுதான் நிறுவியதுபோல் ஆகிவிடும். இப்படி இரண்டையும் அருகருகே வைத்தது நல்ல யோசனை அல்ல என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி (ஹப்புத்தளை): கேஷைத் துப்புரவாக்கும் கிளீனர் செயலி ஒன்றை நிறுவலாமா?

பதில்: தேவையில்லை. உலாவியிலேயே உள்ள வசதிக்காக, அத்தகைய செயலி காட்டும் விளம்பரங்களைப் பார்க்க வேண்டாம்.

கேள்வி (கணினி பயிலும் மாணவர், கம்பளை): பல தளங்கள் ஒரே எழுத்துருவை ஒரே சேவையகத்திலிருந்து எடுக்கின்றன. ஒரு தளத்தில் இறக்கிய எழுத்துரு மற்றத் தளத்துக்கும் பயன்படும் என்று படித்தேன். சோதித்தால் மீண்டும் இறங்குகிறதே, சேர்?

பதில்: நீங்கள் படித்தது ஒரு காலத்தில் சரிதான். ஆனால் ஒரு கோப்பு எவ்வளவு விரைவில் திறக்கிறது என்பதை அளந்து, நீங்கள் வேறு எந்தத் தளத்துக்குப் போய்வந்தீர்கள் என்று ஒரு தளம் கண்டறிய இது வழிவிட்டது. அதனால் குரோம் 2020இல் 86ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபொக்ஸ் 2021இல் 85ஆம் பதிப்பிலும், கேஷைத் தளத்துக்குத் தளம் தனித்தனியே பிரித்துவிட்டன. சஃபாரி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவ்வாறு செய்திருந்தது. இனி நீங்கள் ஒரு தளம் கட்டினால், எழுத்துருவை உங்கள் சேவையகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சேவையகத்துடன் புதிதாகத் தொடர்பு ஏற்படுத்தும் நேரமாவது மிஞ்சும்.