இஸ்தான்புல் தெருக்கடைகளில் சைவம் கிடைக்குமா?

வணக்கம். முட்டைகூடத் தொடாத அம்மாவோடு நான்கு நாள் இஸ்தான்புல் போகிறீர்கள், தெருவில் ரொட்டி தவிர எதுவும் கிடைக்காதோ என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கிடைக்கும்.

முதலில் சீ கொஃப்தே. பெயருக்குப் பொருள் 'பச்சை இறைச்சி உருண்டை' என்பதால் பலர் விலகிப்போகிறார்கள். ஆனால் இன்று கடைகளில் விற்பது இறைச்சி இல்லாதது. உடைத்த கோதுமை ரவையை மிளகாய், தக்காளி விழுதுடன் நன்றாகப் பிசைந்து, மெல்லிய ரொட்டியில் கீரை இலையோடு சுருட்டி, மாதுளைச் சாற்றுப் பாகு ஊற்றித் தருவார்கள். நம் நாக்குக்கு ஏற்ற காரமும் புளிப்பும் அதில் இருக்கிறது. அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

காலையில் தள்ளுவண்டி சிமித். திராட்சைப் பாகில் முக்கி, எள் புரட்டிச் சுட்ட வளைய ரொட்டி. உள்ளே பூரணம் வைத்து மடித்துக் கல்லில் சுடும் மெல்லிய ரொட்டியான கொஸ்லெமே வாங்கினால் உருளைக்கிழங்கு அல்லது கீரை வைத்ததைக் கேளுங்கள். பாஸ்பரஸ் நீரிணையை ஒட்டிய ஒர்தாக்கோய் பகுதியின் கரையில் கும்பிர் என்ற பெரிய சுட்ட உருளைக்கிழங்கு கிடைக்கும். வெண்ணெயும் சீஸும் பிசைந்த பிறகு மேலே வைப்பதை நீங்களே காட்டித் தேர்ந்தெடுக்கலாம். சாசேஜும் (இறைச்சி), முட்டை சேரும் மயோனைஸ் கலந்த சாலட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கண்ணாடி வண்டியில் கொண்டைக்கடலை போட்ட சோறு விற்பார்கள். பார்க்கச் சைவம்போல இருக்கும். பெரும்பாலும் கோழி வேகவைத்த நீரில் சமைத்தது. பருப்பு சூப்பிலும் சில இடங்களில் இறைச்சிச் சாறு சேரும். 'எத் சுயு வார் மி?' (இறைச்சிச் சாறு இருக்கிறதா?), 'தாவுக் சுயு வார் மி?' (கோழிச் சாறு இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 'எத்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாதது.