முயலின் தாடைக் கட்டி: வெட்டுவதா, விடுவதா?

கேள்வி: எங்கள் பெண் முயலுக்கு ஐந்து வயது. குட்டி போட்டதில்லை. மூன்று வாரத்துக்குள் இடது கீழ்த்தாடையில் தேசிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்துவிட்டது. முதுகில் கடலை அளவில் ஒன்று ஒரு வருடமாக இருக்கிறது. கழுத்துக்குக் கீழே மெத்தென்று இன்னொரு வீக்கம். ஒப்பரேசன் செய்யச் சொல்கிறார்கள். மயக்கமருந்து கொடுத்தால் முயல் செத்துப்போகும் என்றும் சொல்கிறார்கள். மகளுக்கு வாங்கிய அமொக்சிசிலின் பாணி மிச்சம் இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாமா? கட்டிக்குள் புழு நெளியும் வீடியோ ஒன்றும் பார்த்துப் பயந்துபோனோம்.
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அந்தப் பாணியில் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டாமைசின் மூன்றும் வாய்வழியாகப் போனால் முயலின் குருட்டுக்குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்துவிடும். அந்த இடத்தில் நச்சுக் கிருமி பெருகி, கழிச்சல் கண்டு, சில நாட்களில் முயல் இறந்துவிடும். பிள்ளைக்குக் கேட்ட மருந்து முயலுக்கும் கேட்கும் என்று நினைத்துக் கொடுத்துக் கொன்றுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வீடியோவில் பார்த்த புழு அமெரிக்கக் கண்டங்களில் உள்ள ஒரு ஈயின் புழு. அதை மறந்துவிடுங்கள். கழுத்துக்குக் கீழே மெத்தென்று இருப்பது, வளர்ந்த பெண் முயலுக்கு இயல்பாக வரும் தோல் மடிப்பு. முதுகில் இருப்பது தோலோடு சேர்ந்து நகர்கிறது, ஒரு வருடமாக வளரவில்லை என்றால் பெரும்பாலும் மயிர்க்கால் சார்ந்த சாதாரணக் கட்டிதான். மாதம் ஒருமுறை அடிமட்டம் வைத்து அளந்து எழுதி வையுங்கள்.

தாடைக் கட்டி அப்படியல்ல. முயலின் பல் சாகும்வரை வளரும். புல் குறைவாகவும் பெலட் தீனி, பாண், கரட் அதிகமாகவும் தின்றால் பல் தேயாது. மேலே போக இடமில்லாமல் வேர் கீழே தாடை எலும்புக்குள் இறங்கி, அங்கே சீழ் கட்டும். மூன்று வாரத்தில் இவ்வளவு வளர்ந்திருப்பதால் என் முதல் சந்தேகம் இதுதான். முயலின் சீழ் பற்பசை போலத் தடித்தது, கீறிவிட்டாலும் வடியாது. யாராவது 'சின்னதாக ஒரு கீறல் போதும்' என்றால் சம்மதிக்காதீர்கள். சீழைச் சுற்றியுள்ள உறையையும், கெட்ட பல்லையும், செத்த எலும்பையும் சேர்த்து எடுக்காவிட்டால் சில வாரத்தில் திரும்ப வரும். எல்லாவற்றையும் எடுத்தாலும் சிலவற்றில் திரும்புகிறது. புண்ணை மூடித் தைக்காமல் திறந்து விட்டு, வாரக்கணக்கில் தினமும் கழுவ வேண்டியும் வரலாம். அந்த வேலையை வீட்டில் யார் செய்வது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.

ஆகவே கத்திக்கு முன் மூன்று பரிசோதனைகள். சற்றுப் பெரிய ஊசியால் கட்டியிலிருந்து உறிஞ்சிப் பார்ப்பது முதலாவது. மெல்லிய ஊசிக்குள் இந்தச் சீழ் ஏறாது, 'ஒன்றும் வரவில்லை' என்பதை நல்ல செய்தியாக எடுத்துவிடக்கூடாது. அடுத்தது தலை எக்ஸ்ரே. பல் வேரும் எலும்பும் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று அதில் தெரியும். மூன்றாவது நெஞ்சு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கானும். கருப்பை எடுக்காத பெண் முயலுக்கு நான்கு வயதுக்குப் பின் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம், அது நுரையீரலுக்குப் பரவும். பரவியிருந்தால் தாடையை வெட்டி முயலை வதைக்க நான் சொல்லமாட்டேன், வலிமருந்தோடு நிம்மதியாக வைத்திருங்கள். நெஞ்சு சுத்தம், முயல் தின்கிறது, எலும்புச் சேதமும் ஓரிடத்தில்தான் என்றால் ஒப்பரேசனைத் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ரேயும் வாயு மயக்க வசதியும் அருகில் இல்லையென்றால், பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீட வைத்தியசாலைக்கு உங்கள் மிருக வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள். ஹபரணை, தம்புள்ளை வழியாக நீண்ட பயணம். விடியுமுன் புறப்படுங்கள், உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வையுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்து மத்தியான வெக்கையே ஒரு முயலைக் கொல்லப் போதும்.

மயக்கமருந்துப் பயத்துக்கு வருகிறேன். 2008 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் மயக்கத்தோடு தொடர்புபட்ட இறப்பு ஆரோக்கியமான முயல்களில் 0.73 சதவீதம், ஏற்கெனவே நோயுற்றிருந்தவற்றில் 7.37 சதவீதம். நாய், பூனையை விட அதிகம்தான். ஆனால் இறந்தவற்றில் பாதிக்கு மேல் இறந்தது மேசையில் அல்ல, ஒப்பரேசன் முடிந்த பிறகு. அதனால் கண் திறந்தவுடன் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடாதீர்கள். உடல் சூடேறி, நிமிர்ந்து உட்கார்ந்து, புல்லைக் கடிக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொன்னால், அது நாய்க்கும் பூனைக்கும் உரிய விதி என்று பணிவாக நினைவூட்டுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்வரை புல் தின்னலாம். வலிமருந்து எத்தனை நாளைக்கு என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வலி இருந்தால் முயல் தின்னாது, தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும்.

நீங்கள் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டியது இதைத்தான். புழுக்கையை எண்ணுங்கள். 12 மணி நேரம் தின்னவில்லை, புழுக்கையும் இல்லையென்றால் அது அவசரம். ஒப்பரேசனுக்குப் பின் மட்டுமல்ல, தாடை வலிக்கிற இந்த நாட்களிலும்தான். வாயில் நீர் வடிவதும், புல்லைக் கவ்விவிட்டுக் கீழே போடுவதும் அதற்கு முன்னோடி. வயிறு உப்பிக் கல்லாக இருந்தால் வாயில் எதையும் திணிக்காமல் வைத்தியரிடம் ஓடுங்கள். வயிறு மென்மையாக இருந்தால், ஊறவைத்து அரைத்த பெலட் கூழை ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர் வீதம், நாளைக்கு நான்கு தடவை, ஊசியில்லாச் சிறிஞ்சால் கட்டியில்லாத வலது கடைவாய்ப் பக்கமாக மெதுவாகக் கொடுக்கலாம். கொடுத்துக்கொண்டே வைத்தியருக்கும் அறிவியுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

புண்ணில் மஞ்சளோ வேப்பெண்ணெயோ பூசாதீர்கள், நக்கிவிடும். மரத்தூளை எடுத்துவிட்டுப் பழைய பேப்பர் விரியுங்கள். கூட்டுக்கு நுளம்புவலை போட்டு, காலையும் மாலையும் புண்ணையும் பின்பக்கத்தையும் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.