சலங்கை கட்டிய கால் தெரியட்டும்: நாட்டிய வீடியோ கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்களிலும் பள்ளி மண்டபங்களிலும் இருபது வருடமாக நாட்டியம் படம் பிடிக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. கேமரா கெட்டுவிட்டதா?

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளி வாங்கும் நேரம், 1/60 நொடியில் இருந்தால் பட்டை வரும். நொடிக்கு 25 பிரேம் (படம்), ஷட்டர் 1/50 வையுங்கள். கால் வேகம் கலங்கலாகத் தெரிந்தால் 1/100. மலிவான எல்.இ.டி. விளக்கு இந்தக் கணக்குக்கு அடங்காது. ஷட்டரை மெல்ல மெல்ல மாற்றி, பட்டை மறையும் இடத்தில் நிறுத்த வேண்டியதுதான்.

ஒரு தீமிதித் திருவிழாவில் விளக்கெல்லாம் ஜெனரேட்டரில். பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் மின்கேத்தலைப் போடும்போதெல்லாம் ஜெனரேட்டர் முனகும், என் திரையில் பட்டை நெளியும். அதிலிருந்து பேட்டரி விளக்கு இரண்டு வண்டியிலேயே கிடக்கின்றன.

பரதத்துக்கு விளக்கு எங்கே வைப்பது? இங்கே முன்னால் இரண்டு பிளட்லைட் வைப்பதோடு சரி.

அதை அணைக்கச் சொன்னால் கமிட்டி பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து மட்டும் வந்தால் ஆடுகிற பிள்ளை அட்டையில் வெட்டி ஒட்டியது போலிருக்கும். மேடையின் இரண்டு பக்கமும் திரை மறைவில் முழங்கால் உயரத்தில் ஒரு விளக்கு, தலைக்கு மேல் ஒன்று. முட்டியை மடக்கிப் பக்கவாட்டில் விரித்து நிற்கும் அரைமண்டியில் முட்டி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பக்க ஒளிதான் காட்டும். பின்னால் உயரத்தில் ஒன்று வைத்தால் கறுப்புத் திரையிலிருந்து தலையும் தோளும் பிரிந்து நிற்கும். முகத்துக்கு முன்னாலிருந்து மென்மையாகக் கொஞ்சம் போதும். கண் தெரியாவிட்டால் அபிநயம் போச்சு.

வண்ண விளக்கில் கவனம். ஓர் அரங்கேற்றத்தில் யாரோ ஆசைப்பட்டு மேடை முழுக்க நீலம் போட்டார்கள். அம்மா கடை கடையாக அலைந்து வாங்கிய சிவப்புப் பட்டு கறுப்பாகத் தெரிந்தது. நீலத்தைப் பின்திரைக்கு அடியுங்கள், ஆளுக்கு வேண்டாம்.

புகை போடலாமா?

அந்தப் புகைத் திரவம் தரையில் படிந்தால் வழுக்கும். வெறுங்காலில் ஆடுகிறார்கள். வேண்டாம்.

வைட் பேலன்ஸ்?

வெள்ளை வெள்ளையாகத் தெரியக் கேமரா நிறத்தைச் சரிசெய்வதுதானே அது? ஆட்டோவில் மட்டும் வைக்காதீர்கள். விளக்கு மாறும்போதெல்லாம் முகத்தின் நிறமும் மாறும்.

நீங்கள் பழைய ஆள். கேமராவைக் குலுங்காமல் தாங்கும் ஜிம்பலைப் பிடித்துக்கொண்டு, ஆடுபவரைச் சுற்றி வந்தால்தான் இன்றைய பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ஜிம்பல் என்னிடமும் இருக்கிறது, தம்பி. தட்டடவு என்ற அடிப்படை அடவில் கால் தரையை அறையும் அந்த நொடியில் நீங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் எதைப் பார்ப்பது? ஹாலிவுட் நடன நடிகர் பிரெட் அஸ்டேர் 1930களிலேயே தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்.

*(நடன ஆசிரியை ஒருவர்: அண்ணன் சொல்வது சரி. போன வருடம் வந்த வீடியோவில் தீர்மானம் (ஜதிக் கோவையை முடிக்கும் வேகமான அடவுகள்) முழுக்கக் காதுத் தோடுதான் தெரிந்தது.)*

*(அதே தம்பி: அப்படியானால் எல்லாம் பாதுகாப்புக் கேமரா மாதிரிதானே இருக்கும்?)*

அதுவும் நியாயம்தான். ஒரு கேமரா முக்காலியில் முழு உருவத்தோடு அசையாமல் நிற்கட்டும். இரண்டாவதை வைத்துக்கொண்டு நீங்கள் சுற்றுங்கள். அபிநயத்துக்கான பாடலான பதத்தில் ஆடுபவர் நின்று பாவம் காட்டும்போது மெல்ல நெருங்குங்கள், அழகாக வரும். ஜதி, அதாவது தாளச் சொற்கட்டுக்குக் கால் ஆடும் பகுதி, தொடங்கியதும் பின்வாங்குங்கள். ஒத்திகைக்குப் போகாமல் இது முடியாது. போனால் ஆசிரியையே எங்கே நெருங்கலாம் என்று சொல்லிவிடுவார்.

*(ஆசிரியை: ஒத்திகைக்கு வருகிறவருக்கு என் வீட்டில் தோசை.)*

கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடிக்கலாமா?

ஒருவர் ஆடினால் தாராளமாக, கால் உள்ளே இருக்கும். குழு என்றால் படுக்கையாக.

அண்ணா, என் வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது...

முதல் பதில். 1/50.

வைட் பேலன்ஸ் எதில் வைப்பது?

ஆட்டோவில் இல்லை!