குறுவை நெல் விற்ற பணத்தில் தசமபாகம்: மொத்தத்திலா, மிச்சத்திலா?

கேள்வி: பாபநாசம் பக்கம் 4 ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் குறுவை போட்டேன். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறிவிட்டது. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், குறைத்தால் தேவனை வஞ்சிப்பது என்கிறார் எங்கள் போதகர். நடவுக் கூலி பாக்கி, நகைக் கடன் எல்லாம் நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் நடவுக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். தசமபாகம் அப்புறம்.

போதகர் சொன்னது மல்கியா 3:8. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். கூலிக்காரரின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு விரோதமாகத் தேவனே சாட்சியாக வருவேன் என்கிறார். யாக்கோபு 5:4 இன்னும் நேரடி: வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் வைத்த கூலி கூக்குரலிடுகிறது. சேற்றில் குனிந்து நட்ட பெண்களின் பணத்தைக் காணிக்கைக் கவரில் போட்டால், அது உங்கள் காணிக்கை ஆகாது.

அடுத்து கணக்கு. ஒரு பேச்சுக்கு, 1,00,000 ரூபாய் வந்தது என்று வையுங்கள். உழவு, விதை, உரம், அறுவடை மெஷின் வாடகை, கூலி, குத்தகை எல்லாம் சேர்ந்து 70,000. கையில் நிற்பது 30,000. மொத்தத்தில் பத்து சதவீதம் என்றால் 10,000. அதாவது வீட்டுக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்கு. மாதச் சம்பளக்காரர் கொடுக்கும் பத்து சதவீதமும் இதுவும் ஒன்றல்ல.

'விளைச்சலில் பத்தில் ஒன்று என்றுதானே மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் சொல்கிறது, செலவைக் கழிக்கச் சொல்லவில்லையே' என்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே இஸ்ரவேலன் அறுத்தது தன் கோத்திரத்துக்குப் பங்காக வந்த நிலத்தில். உங்கள் களத்தில் குவிந்த நெல்லில் ஒரு பகுதி ஏற்கெனவே நிலக்காரருடையது. அந்தத் தசமபாகமும் போனது எங்கே? நிலப்பங்கு இல்லாமல், தேவனுடைய கூடாரப் பணி செய்த லேவியருக்கு (எண்ணாகமம் 18). உபாகமம் 14-ல், கொடுக்கிறவனே குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் அதைச் சாப்பிட்டு மகிழ்கிறான்; மூன்றாம் வருஷம் அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடிவதில்லை என்பது என் வருத்தம்.

சபைக்குச் சபை நிலை வேறு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது கடமை என்கிறது, சதவீதம் குறிக்கவில்லை. லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் பெரும்பாலும் சந்தா, காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலம் என்று நடக்கும். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் பத்து சதவீதம் உறுதியான போதனை. நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம் ஆசாரியனான மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தான் என்பது அவர்களுடைய ஆதாரம். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பவுல் சபைகளுக்கு எழுதும்போது, கட்டாயத்தால் அல்ல, அவனவன் மனதில் தீர்மானித்தபடி என்றே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 9:7).

ஆகவே கூலி, குத்தகை, கடனுக்கு இந்தப் போகத்தில் கட்ட வேண்டியது, சம்பாவுக்கு விதை, இவற்றை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு என்று மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பத்து சதவீதம் முடிந்தால் நல்லது. இந்தத் தடவை ஐந்துதான் என்றால் கூச்சப்பட வேண்டாம். காணிக்கைக்காக இன்னொரு நகையை மட்டும் அடகு வைக்காதீர்கள். கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். சபைக் கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை வாசிக்கச் சொல்வதும் தப்பில்லை.

கையில் ரூபாயே நிற்காத போகமும் வரும். நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி எடுக்கும் வழக்கம் உண்டே. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி தனிப் பானைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அதுவும் முழுக் காணிக்கைதான்.

போதகரிடம் எதையும் மறைக்க வேண்டாம். வரவு செலவு எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் போய், அவர் முன்னால் விரித்து வையுங்கள்.