சிப்பிப் பையனைப் படித்துச் சிரிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

திரைப்பட இயக்குநர் டிம் பர்ட்டன் எழுதி, அவரே படமும் வரைந்த 'தி மெலங்கலி டெத் ஆஃப் ஆய்ஸ்டர் பாய்' (சிப்பிப் பையனின் சோகச் சாவு) என்ற கவிதைக் கதைத் தொகுப்பைச் சென்ற வாரம் ஒரே மூச்சில் வாசித்தேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த என் அக்கா, "பிள்ளை சாகிறதைப் படிச்சு இப்படிச் சிரிக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தப் புத்தகங்களை ரசிப்பது ஒருவகைக் குரூரமா? அவருடைய திரைப்படங்களைப் பார்த்தாலே போதாதா? அக்கா மகளுக்கு ஒன்பது வயது, அவளுக்கு இவற்றைக் கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குரூரம் இருக்கிறது. அது யாருடையது என்பதுதான் விஷயம்.

தலைப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம். கடலோரத்தில் திருமணம் செய்துகொண்ட தம்பதிக்குப் பாதி சிப்பியாக ஒரு பையன் பிறக்கிறான். பெயர் சாம். பெற்றோருக்கு அவமானம், ஊர்ப்பிள்ளைகளுக்குக் கேலி. கணவன் மனைவிக்கு இடையே நெருக்கமும் குறைந்துபோகிறது. ஆசையைத் தூண்டச் சிப்பி நல்லது என்று மருத்துவர் சொல்ல, அப்பா ஓர் இரவு மகனின் கட்டிலருகே வருகிறார். சந்தோஷமாக இருக்கிறாயா, செத்துப்போக நினைத்ததுண்டா என்று கேட்கிறார். பையன் கண்ணை மட்டும் சிமிட்டுகிறான். அடுத்த சில வரிகளில் அப்பா அவனை விழுங்கிவிடுகிறார். மணலில் புதைத்து, ஜெபம் சொல்லி, அழுது, மூன்று மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

அந்த 'மூன்று மணி'தான் எனக்குப் பிடித்த இடம். துக்கத்தைக்கூட நேரத்துக்கு முடித்துக்கொள்ளும் ஒழுங்கான குடும்பம் அது. அடுத்தது பெண்ணாகப் பிறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு விளக்கை அணைக்கிறார்கள். நீங்கள் சிரித்தது இவர்களைப் பார்த்துத்தான், சாமைப் பார்த்து அல்ல. அவனைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு வரிகூட அந்தக் கவிதையில் இல்லை என்பது என் வாசிப்பு.

பிள்ளைகளைச் சாகடிக்கும் படப்புத்தகங்களுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. பிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிக் ஹோஃப்மன், தன் மூன்று வயது மகனுக்கு 1844 கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு படப்புத்தகத்தைத் தானே எழுதி வரைந்தார். மறு ஆண்டு அச்சாகிப் பின்னாளில் 'ஸ்ட்ருவெல்பீட்டர்' என்ற பெயரில் உலகம் சுற்றியது. அதில் தீப்பெட்டியோடு விளையாடும் சிறுமி எரிந்து சாம்பலாகிறாள். காலணி மட்டும் மிஞ்சுகிறது, இரண்டு பூனைகள் அழுகின்றன. சூப் வேண்டாம் என்று அடம்பிடித்தவன் ஐந்தாம் நாள் இல்லை. அங்கே ஒவ்வொரு சாவுக்கும் காரணம் உண்டு: சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

1963இல் அமெரிக்க ஓவியர் எட்வர்ட் கோரி 'தி கேஷ்லிக்ரம்ப் டைனீஸ்' வெளியிட்டபோது அந்தக் காரணத்தைப் பிடுங்கி எறிந்தார். இருபத்தாறு எழுத்து, இருபத்தாறு பிள்ளைகள், இருபத்தாறு சாவு. எவரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. நெவில் என்ற பையன் வெறும் சலிப்பினாலேயே சாகிறான், ஜன்னல் விளிம்புக்கு மேல் அவன் தலை மட்டும் தெரிகிறது. கோரியின் படங்களில் பெரும்பாலும் சாவு இன்னும் வந்திருக்காது, வரப்போகிறது. அந்த ஒரு கணத்தில் நம்மை நிறுத்திவிட்டு அவர் போய்விடுகிறார்.

பர்ட்டன் 1997இல் இந்தத் தொகுப்போடு வந்து காரணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் இடத்தை மாற்றினார். இப்போது தப்பு பெரியவர்களிடம் இருக்கிறது, அவர்கள் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. ரோபோவாகப் பிறந்தவன் வளர்ந்தபின் குப்பைத்தொட்டி என்று தவறாக நினைக்கப்படுகிறான். எகிப்திய மம்மியாகப் பிறந்த பையனை ஒரு பிறந்தநாள் கூட்டத்துப் பிள்ளைகள், விளையாட்டாக அடித்து உடைக்கும் மிட்டாய் நிரப்பிய பொம்மை என்றெண்ணி அடித்து உடைக்கிறார்கள். நச்சுக் காற்றிலேயே வாழப் பழகிய ராய் என்பவனைத் தூய காற்றுக்குத் தூக்கிச் செல்கிறார்கள், அதிலேயே அவன் முடிந்துபோகிறான். நல்லெண்ணமும் கொல்லும். ஹோஃப்மன் பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

புத்தகத்திலுள்ள ஓவியங்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குக் குறையாகப்பட்டது. இந்த வரிகளைப் படமில்லாமல் படித்தால் பாதிக்கு மேல் வெறும் கிண்டல். சில இடங்களில் எதுகைக்காக இழுத்துக் கட்டிய கிண்டல்கூட. நடுங்கும் பேனாக்கோடு, கொஞ்சம் நீர்வண்ணம், குச்சிக் கைகால், வட்டக் கண். சுற்றிலும் பெரும்பாலும் ஒன்றுமில்லாத வெள்ளைத்தாள். கோரி தன் தாளைக் கோட்டின்மேல் கோடாக இழைத்து இருட்டாக்குவார். பர்ட்டன் அப்படியே வெறுமையாக விட்டுவிடுகிறார். நிற்க ஒரு தரையோ சாய ஒரு சுவரோ இல்லாமல் அந்தப் பிள்ளை தனியாக நிற்கிறது. பாட்டு சிரிக்கச் சொல்கிறது, கோடு விடமாட்டேன் என்கிறது. உங்கள் உறுத்தல் அங்கிருந்துதான் வருகிறது. அது இருக்கும்வரை கவலைப்பட ஏதுமில்லை.

திரைப்படங்களைப் பார்த்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். அவருடைய பல படங்கள் தாளில்தான் தொடங்கின. 1982இல் வந்த ஆறு நிமிடக் குறும்படமான 'வின்சென்ட்', முதலில் குழந்தைகள் புத்தகமாக எழுதப்பட்டதுதான். 'எட்வர்ட் சிசர்ஹேண்ட்ஸ்' படத்தில் கத்திரிக்கோல் விரல்களோடு வரும் எட்வர்ட், பர்பாங்க் நகரில் பதின்வயதில் அவர் கிறுக்கிய ஓர் ஓவியம். டிஸ்னியில் நரிகளை வரையும் வேலை கிடைத்தபோது, தன் நரிகள் சாலையில் அடிபட்டுக் கிடப்பவை போல இருந்தன என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அழகாக வரைய வராத கை. அந்தக் கைக்குத் தாள்தான் சொந்த வீடு.

சினிமா வேறு கணக்கு. 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' 1980களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ஒரு கவிதை. 1993இல் அது ஹென்றி செலிக் இயக்கத்தில் படமாக வந்தது. பர்ட்டன்தான் இயக்கினார் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள், இல்லை. அதே ஆண்டு பர்ட்டனின் சொந்த ஓவியங்களோடு புத்தகமும் வந்தது. அதில் சாலி கிடையாது, ஊகி பூகியும் கிடையாது. காதலியும் வில்லனும் சினிமாவுக்காகச் சேர்ந்தவர்கள். எலும்புக்கூடு ஜாக், அவனுடைய பேய் நாய், சாண்டா, இவர்களே போதும். தனக்குப் பழகிய வேலை அலுத்துப்போன ஒருவனின் சலிப்பு புத்தகத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தவரைக் கொஞ்சம் தேற்றி அனுப்ப வேண்டிய கடமை சினிமாவுக்கு உண்டு. சில வரிக் கவிதைக்கு அது இல்லை. குச்சிப் பையன் தீக்குச்சிப் பெண்ணைக் காதலிக்கிறான், பற்றிக்கொள்கிறது, எரிந்துபோகிறான். அவ்வளவுதான்.

அவருடைய திரைப்படங்களை ஒட்டி வேறு கைகள் வரைந்து வரும் புத்தகங்களில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. சுருள் மரம், வளைந்த நிலா, கோடுபோட்ட காலுறை எல்லாம் தவறாமல் இருக்கும், வெள்ளைத்தாள் மட்டும் இருக்காது. ஒரு மூலை விடாமல் நிரப்பிவிடுவார்கள். அதற்கு 2009இல் வந்த 'தி ஆர்ட் ஆஃப் டிம் பர்ட்டன்' மேல். 430 பக்கங்களுக்கு மேல், ஆயிரத்துக்கும் அதிகமான ஓவியங்கள். மடியில் வைத்துப் படிக்க முடியாது, மேசை வேண்டும்.

இனி ஒன்பது வயதுப் பெண். சாவு அவளைப் பயமுறுத்தும் என்று நான் நினைக்கவில்லை, பிள்ளைகள் நம்மைவிட அதை நேராகப் பார்ப்பார்கள். ஆனால் சிப்பிப் பையன் புத்தகத்தில் படுக்கையறைச் சங்கதிகள் நிறைய. சமையலறைச் சாதனம் ஒன்றோடு அம்மாவுக்குக் கள்ளத்தொடர்பு என்றெல்லாம் வருகிறது. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஜாக்கின் கதையைக் கொடுங்கள், படம் பார்க்கும் முன்பே. அக்காவுக்குச் சிப்பிப் பையன் தொகுப்பிலேயே இருக்கும் கறைப் பையனின் கிறிஸ்துமஸ் கவிதை. கறை விடுவதைத் தவிர வேறு சக்தி இல்லாத அந்த அதிநாயகனுக்குச் சுத்தமான புதுச் சீருடை பரிசாகக் கிடைக்கிறது, பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. படித்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.