ஓரம் கொதிக்கிறது, நடுவில் பனிக்கட்டி!

கேள்வி: உறைந்த மீன் குழம்பை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் ஓரம் கொதிக்கிறது; நடுவில் பனிக்கட்டி அப்படியே கிடக்கிறது. இதைக் கணிதத்தால் முன்கூட்டியே கூற இயலுமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: இயலும், ஆனால் ஒரு சமன்பாடு போதாது. அடுப்பினுள் விநாடிக்கு 245 கோடி முறை அதிரும் மின்புலத்தை, மின்சார, காந்த விதிகளைக் கூறும் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் விவரிக்கின்றன. காற்றில் அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ.; உலோகச் சுவர்களில் எதிரொளித்து உருவாகும் நிலையலைகளை (சில இடங்களில் வலுவாகவும் சில இடங்களில் வலுவின்றியும், நகராமல் நின்று அதிரும் அலைகளை), குழம்பும் கிண்ணமும் சிதறடித்து மேலும் மாற்றிவிடுகின்றன. ஓரிடத்தில் பிறக்கும் வெப்பம் மின்புலத்தின் வர்க்கத்தையும் பொருளின் உறிஞ்சுதிறனையும் பொறுத்தது. அதனை வெப்பக் கடத்தல் சமன்பாட்டில் இட்டால் வெப்பநிலை கிடைக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பனிக்கட்டியைவிட நீர் இவ்வலைகளைப் பன்மடங்கு உறிஞ்சுவதால், முதலில் உருகிய ஓரமே மேலும் மேலும் சூடாகிறது. உறிஞ்சுதிறன் மாற மாற மின்புலமும் மாறுகிறது. ஆகவே இவ்விரு வகைச் சமன்பாடுகளையும் சிறு சிறு கால இடைவெளிகளில், மாறி மாறிக் கணினியில் தீர்க்க வேண்டியுள்ளது. (குழம்பில் உப்புக் கூடினால் அலை ஆழமாக ஊடுருவாது, எனவே உங்கள் கைப்பக்குவமும் கணக்கில் சேரும்!) குறைந்த ஆற்றலில் வைத்தால், பெரும்பாலான அடுப்புகள் அலையை விட்டுவிட்டு அனுப்புகின்றன, அந்த இடைவேளையில் ஓரத்தின் வெப்பம் நடுப்பகுதிக்குக் கடந்து செல்லும்.