மோட்டாரைத் தூக்கும் முன் ஆம்பியரைப் பாருங்கள்

கேள்வி: தோட்டத்து போர்வெல்லில் 7.5 எச்.பி. மூன்று பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார் ஓடுகிறது. கொஞ்ச நாளாகத் தண்ணீர் பாதியாகிவிட்டது, ஓவர்லோடு ரிலேயும் அடிக்கடி டிரிப் ஆகிறது. மெக்கானிக் இதைத் தூக்கிவிட்டு 10 எச்.பி. இறக்கச் சொல்கிறார். இறக்கலாமா, இல்லை பழையதற்கே காயில் கட்டிக்கொள்ளலாமா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மோட்டாரைத் தூக்குவதுதான் இதில் செலவும் ஆபத்தும் பிடித்த வேலை. அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளக் கூடாது. பழுதில் பெரும்பகுதியை மேலே பேனல் போர்டில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம்.

மோட்டார் ஓடும்போது மூன்று பேஸின் வோல்டேஜையும், கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) வைத்து மூன்று ஒயரின் ஆம்பியரையும் எடுத்து எழுதுங்கள். வோல்டேஜ் மோட்டாரில் குறித்திருப்பதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஆம்பியர் தானாக ஏறும், மோட்டாரைக் காக்க ரிலே விழும் (டிரிப் ஆகும்). அதற்கு மோட்டார் பொறுப்பில்லை. வோல்டேஜ் சரியாக இருந்தும் மூன்று ஒயரிலும் ஆம்பியர் கூடுதலாக இருந்தால், உள்ளே மணல் சிக்கி இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) உரசுகிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆம்பியர் குறைவாக இருந்து தண்ணீரும் குறைந்தால் அது வேறு கதை: நீர்மட்டம் இறங்கியிருக்கும், வடிகட்டி அடைத்திருக்கும், இம்பெல்லர் தேய்ந்திருக்கும். ஆம்பியர் அளவுக்குள் இருக்கும்போதே ரிலே விழுகிறதென்றால் ரிலேயின் செட்டிங்கையும், டெர்மினலில் ஒயர் தளர்ந்து சூடாகிறதா என்பதையும் பாருங்கள்.

மூன்று ஆம்பியரும் ஒன்றுக்கொன்று வித்தியாசப்பட்டால் சராசரியோடு ஒப்பிடுங்கள். 14, 15, 16 என்று வந்தால் சராசரி 15, விலகல் 1, அதாவது ஏறக்குறைய 6.7 சதவீதம், முழு லோடில் 5 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். குற்றம் லைனிலா மோட்டாரிலா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரையும் ஒரே திசையில் ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டி மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூன்றையும் சேர்த்துத் தள்ளுவதால் சுழலும் திசை மாறாது. கூடுதல் ஆம்பியர் பழைய டெர்மினலிலேயே நின்றால் கரண்ட் வரும் பக்கம் கோளாறு. ஒயரோடு கூடவே நகர்ந்தால் கேபிளிலோ மோட்டாரிலோ கோளாறு. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டராக இருந்து ஆறு ஒயர் இறங்கினால் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

சமீபத்தில் லைனிலோ ஸ்டார்ட்டரிலோ வேலை நடந்ததா? இரண்டு பேஸ் இடம் மாறியிருந்தால் பம்பு பின்பக்கமாகச் சுற்றும். சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும் என்பதால் பலர் கண்டுபிடிக்காமலே மோட்டாரைத் தூக்கிவிடுகிறார்கள். ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. அதேபோல, மோட்டாரை நிறுத்தியதும் போருக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் காலம் பைப்பில் (பம்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் பைப்) ஓட்டை இருக்கலாம்.

கடைசியாக மெக்கர், அதாவது ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர். மெயினை அணைத்து, மோட்டார் ஒயரைக் கழற்றி, எர்த்துக்கும் ஒயருக்கும் நடுவே 500 வோல்ட்டில் பாருங்கள். தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாருக்குக் கேபிளோடு சேர்த்து 0.5 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தூக்கத்தான் வேண்டும், ஆனால் மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருந்தாலும் இதே அளவுதான் காட்டும்.

சரி, 10 எச்.பி. விஷயம். கிணறு தரும் தண்ணீரைவிட அதிகமாக எந்த மோட்டாராலும் எடுக்க முடியாது. ஊறும் அளவைவிட வேகமாக இழுத்தால் மட்டம் பம்புக்குக் கீழே இறங்கி, காற்றும் தண்ணீருமாக வந்து, ஒருநாள் மோட்டார் எரியும். மோட்டார் குளிர்வதே தன்மேல் உரசி ஓடும் தண்ணீரால்தான். அதனால் முதலில் மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள், ஓய்வில் இருக்கும் மட்டம் உதவாது. அதோடு தொட்டியின் உயரம், பைப்பின் உராய்வு, சொட்டுநீருக்கான அழுத்தம் எல்லாவற்றையும் மீட்டர் கணக்கில் கூட்டினால் மொத்த ஹெட், அதாவது பம்பு தண்ணீரைத் தள்ள வேண்டிய மொத்த உயரம் வரும். உதாரணமாக வினாடிக்கு 3 லிட்டர், ஹெட் 100 மீட்டர் என்றால் 3 × 100 × 9.81, ஏறக்குறைய 2,940 வாட். பம்பின் திறன் 55 சதவீதம் என்று வைத்தால் மோட்டார் தர வேண்டியது 5.35 கிலோவாட், அதாவது சுமார் 7.2 எச்.பி. உங்கள் கணக்கும் இப்படி வந்தால் 7.5 எச்.பி. போதும், ஹெட் கூடியிருந்தால் அந்த ஹெட்டுக்கு ஏற்ற ஸ்டேஜ் (பம்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இம்பெல்லர் அடுக்கு) எண்ணிக்கை உள்ள பம்பைக் கேளுங்கள். எச்.பி.யை மட்டும் சொல்லி பம்பு வாங்காதீர்கள். மோட்டார் பெரிதானால் கேபிள், ஸ்டார்ட்டர், ரிலே எல்லாம் கூடவே மாற வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கியே ஆக வேண்டும் என்றால் மெயினை அணைத்துப் பூட்டிவிடுங்கள், தலைக்குமேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் வெளியே இருக்கும் வரை, அரைமணி நேரமானாலும், போர் வாயைக் கனமான மூடியால் மூடியே வையுங்கள். குழந்தைகள் விழும் இடம் அது. தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாராக இருந்தால், இறக்கும்போது அதற்குள் சுத்தமான தண்ணீர் ஊற்றி, காற்று முழுக்க வெளியேறும் வரை நிரப்புங்கள். உள்ளே பேரிங்குக்கு அந்தத் தண்ணீர்தான் மசகு, எனவே மேலே வைத்து ஒரு நொடிகூட உலர ஓட்டக் கூடாது. கேபிளைப் பிடித்துத் தூக்கவோ இறக்கவோ கூடாது. அடிமண்ணில் மோட்டார் புதையாமல் சில மீட்டர் மேலேயே நிற்கட்டும்; தண்ணீர் ஊறும் இடம் மோட்டாருக்கு மேலே இருந்தால், தண்ணீர் மோட்டாரைத் தொட்டுக்கொண்டு போகும்படி ஒரு உறை பைப் மாட்டச் சொல்லுங்கள்.

காயில் கட்டுவதா என்றால்: வைண்டிங் (காயில்) மட்டும் போயிருந்து பேரிங்கும் தண்டும் நன்றாக இருந்தால் தாராளமாகக் கட்டலாம். மணலால் ஸ்டேஜ்களும் தேய்ந்திருந்தால் மோட்டாரை மட்டும் சரிசெய்வது வீண், பம்பையும் மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் போரைக் கம்ப்ரசரால் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த மணல் புதிய பம்பையும் அரைத்துவிடும்.